மேடும் பள்ளமும் இல்லாத அச்சு

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில் தேஹு ரோட்டில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் மளவலி. தேஹு ரோடு ராணுவத் தளவாடக் கிடங்கும் கண்டோன்மென்ட்டும் உள்ள ஊர். வேலைக்காக வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் அங்கே உண்டு. மளவலியோ சின்ன ஸ்டேஷன். இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கார்லா குகைக்கும் லோஹகட் கோட்டைக்கும் போகிறவர்கள். ஆனால் உங்கள் கொள்ளுப்பாட்டி வீட்டுப் பூஜையறையில் தாமரைமேல் நிற்கும் லட்சுமியோ மயிலோடு வீற்றிருக்கும் சரஸ்வதியோ கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்திருந்தால், அந்த அம்மன் ரயிலேறிய இடம் இதுவாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. படத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘கார்லா’, ‘லோணாவளா’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ராஜா ரவி வர்மாவின் அச்சகம் 1899-இல் மும்பையை விட்டு இங்கேதான் வந்து சேர்ந்தது. அங்கே படம் அச்சானது உலோகத்திலிருந்து அல்ல, கல்லிலிருந்து.

கல்லில் எப்படி அச்சடிப்பது? செதுக்கித்தானே என்று தோன்றும். அதுதான் இல்லை.

கல்லச்சு வரும்வரை உலகத்துக்குத் தெரிந்த முக்கிய அச்சு முறைகள் இரண்டு வகை. ஒன்றில் எழுத்து மேடாக இருக்கும். மேட்டில் மை தடவிக் காகிதத்தில் அழுத்துவார்கள். ரப்பர் ஸ்டாம்ப்பும் ஈய எழுத்தும் இந்த வகை. இன்னொன்றில் செப்புத் தகட்டில் பள்ளமாகக் கீறி, பள்ளத்தில் மையை நிரப்பி, மேலே துடைத்துவிட்டு அழுத்துவார்கள். இரண்டிலும் எங்கே மை, எங்கே வெறுமை என்பதைத் தீர்மானிப்பது உயரம். லித்தோகிராபி எனப்படும் கல்லச்சில் அந்த உயர வித்தியாசமே கிடையாது. படம் இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒரே மட்டம். எது மையை வாங்கும், எது தள்ளும் என்பதை முழுக்க முழுக்க வேதியியல் முடிவு செய்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானியும் இல்லை, அச்சுத் தொழிலாளியும் இல்லை. நாடகம் எழுதிக் கையைச் சுட்டுக்கொண்டவர். அலோயிஸ் செனெஃபெல்டர் 1771-இல் பிராக் நகரில் ஒரு நடிகருக்குப் பிறந்து, மியூனிக்கில் வளர்ந்தார். அப்பா இறந்ததும் சட்டப் படிப்பு நின்றது. நாடகப் புத்தகம் அச்சடித்த செலவு வரவை விழுங்கியது. நாமே அச்சடித்துக்கொள்வோம் என்று இறங்கினார். செப்புத் தகடு விலை அதிகம் என்பதால், தரையில் பாவும் சுண்ணாம்புக்கல் பலகைகளில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். 1796-இல் ஒரு நாள் சலவைக்காரி வாசலில் நிற்கிறாள், துணிக்கணக்கு எழுத வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மெழுகும் சோப்பும் விளக்குக் கரியும் கலந்து தான் காய்ச்சி வைத்திருந்த மையால் பக்கத்தில் கிடந்த கல்லிலேயே அம்மா சொன்ன கணக்கை எழுதினாராம். பிறகு, அதில் அமிலம் ஊற்றினால் என்ன ஆகும் என்ற யோசனை வந்தது. இதைச் சொன்னவர் அவரே, தம் நூலில். கண்டுபிடிப்பாளர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளுக்கு ஐந்து மார்க் குறைத்துப் போடுவது நல்லது. ஆனாலும் இதில் சோப்பு என்ற ஒரு பொருள் இருக்கிறது பாருங்கள், ரகசியம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

அன்று அமிலம் ஊற்றியதில் எழுதாத இடம் அரித்து, எழுத்து இம்மியளவு மேடாக நின்றது. அது பழைய முறையின் மலிவுப் பதிப்பு மட்டுமே. அசல் கண்டுபிடிப்பு இன்னும் இரண்டு ஆண்டு தள்ளி, 1798 வாக்கில் வந்தது: அரிக்கவே வேண்டாம், தண்ணீர் போதும்.

அடுப்பில் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் குளிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளையாகத் திரிந்து வாளியில் பிசுக்காக ஒட்டும். தண்ணீரிலுள்ள கால்சியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலமும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு சோப்பாக மாறுவதே அதற்குக் காரணம். லித்தோ கல்லோ முழுக்க முழுக்கக் கால்சியம் கார்பனேட். அதன்மேல் சோப்பும் மெழுகும் கலந்த கறுப்புக் குச்சியால் ஓவியர் கோடு இழுத்தால் அதே திரிதல் கல்லின் தோலிலேயே நடக்கிறது. கோடு கல்லின் மேல் உட்காரவில்லை, கல்லோடு கல்லாகிவிடுகிறது.

அடுத்து, வேல மரத்துப் பிசினைக் கரைத்து, அதில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுக் கல் முழுவதும் தடவுகிறார்கள். கல் லேசாகப் பொங்கும். கோடு இல்லாத இடங்களில் பிசின் மெல்லிய படலமாகப் பற்றிக்கொள்ளும். பிசினுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. ஆக, ஒரே வழவழப்பான கல்லில் இப்போது இரண்டு குணம் உள்ள நிலங்கள். ஒன்று எண்ணெயை விரும்புகிறது, மற்றது தண்ணீரை.

இதற்கு அடுத்த கட்டத்தை முதன்முறை பார்க்கிற யாருக்கும் பகீரென்றிருக்கும். டர்பன்டைன் ஊற்றி ஓவியத்தையே துடைத்துவிடுவார்கள். நாள்கணக்கில் வரைந்த படம் கறுப்புக் குழம்பாகத் துணியில் வந்துவிடும். கல்லில் உற்றுப் பார்த்தால் மங்கலாக ஏதோ நிழல் தெரியும், அவ்வளவுதான். பிறகு ஈரத் துணியால் கல்லைத் துடைத்து, எண்ணெய் மை தோய்ந்த ரோலரை மேலே உருட்டுவார்கள். ஈரம் நிற்கிற இடமெல்லாம் மையைத் தள்ளும். கொழுப்பு ஊறிய இடமெல்லாம் மையைப் பிடிக்கும். ஒரு உருட்டில் நெற்றி, இரண்டாவதில் கண், நான்காவதில் முழு முகமும் கல்லுக்குள்ளிருந்து எழுந்து வரும். காகிதம் வைத்து அழுத்தினால் ஒரு பிரதி. மறுபடி ஈரம், மறுபடி மை, மறுபடி காகிதம். மேடு இருந்தால்தானே தேய! ஆயிரக்கணக்கில் எடுக்கலாம்.

எந்தச் சுண்ணாம்புக்கல்லும் இதற்கு உதவாது. பவேரியாவில் ஸோல்ன்ஹோஃபென் என்ற ஊரின் கல்தான் உலகத்தின் ஒப்புக்கொள்ளப்பட்ட லித்தோ கல். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலையடிக்காத உப்பங்கழிகள் இருந்தன. மிக நுண்ணிய சுண்ணச் சேறு, கலைக்க ஒரு புழுகூட இல்லாமல், படலம் படலமாகப் படிந்து இறுகியது. மணி தெரியாத அந்த வழவழப்பு ஓவியருக்குத் தேவை. அதே வழவழப்புக்கு இன்னொரு பலன்: விழுந்து புதைந்த எதையும் அந்தக் கல் அச்சு அசலாகப் பதிந்து வைத்திருந்தது. 1861-இல் லித்தோ கல்லுக்காக வெட்டிய பலகையில் ஒற்றை இறகு ஒன்று கிடைத்தது. அதே சமயம் இறகும் பல்லும் நீண்ட வாலெலும்பும் கொண்ட ஒரு பிராணியின் எலும்புக்கூடும் வெளிவந்தது. டார்வின் நூல் வெளிவந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. ஊர்வனவற்றுக்கும் பறவைக்கும் நடுவே நின்ற அந்தப் பிராணிக்கு அச்சுத் தொழிலின் பெயரையே வைத்தார்கள்: ஆர்க்கியோப்டெரிக்ஸ் லித்தோகிராபிகா. படம் போடக் கல் தேடியவர்கள் பரிணாமத்துக்குச் சாட்சி தேடிக் கொடுத்தார்கள்.

இப்போது தேஹு ரோட்டுப் பக்கத்து நிலத்தைப் பாருங்கள். லோணாவளாவரை எங்கு தோண்டினாலும் கறுப்பு எரிமலைப் பாறை. கார்லாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தர்கள் பெரிய சைத்தியத்தைக் குடைந்தது இந்தப் பாறையில்தான். சிற்பத்துக்குப் பொன்னான கல், ஆனால் அச்சுக்கு ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லை. எரிமலைப் பாறையில் சோப்போடு சேரக் கால்சியம் கார்பனேட் இல்லை. மலை மலையாகக் கல் குவிந்து கிடக்கும் ஊருக்கு ஜெர்மனியிலிருந்து கப்பலிலும், பிறகு போர் காட் மலைப்பாதையில் ரயிலிலும் கல் வந்து இறங்கியது அதனால்தான். 80 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 8 கனம் உள்ள ஒரு பலகையின் எடையைக் கணக்குப் போட்டால் சுமார் 100 கிலோ வரும்.

அவ்வளவு தூரம் வந்த கல்லை ஒரே படத்தோடு ஒதுக்க முடியுமா? அச்சு முடிந்ததும் ஒரு கல்மேல் இன்னொரு கல்லைக் கவிழ்த்து, நடுவே மணலும் நீரும் விட்டு, வட்டமாகச் சுழற்றித் தேய்ப்பார்கள். இரண்டு கல்லின் பழைய படங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மணலின் பருமனைப் பொறுத்துக் கல்லுக்குப் புதிய சொரசொரப்பு கிடைக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்து, கல் அடுத்த படத்துக்குத் தயார்.

இந்தியாவுக்கு இந்தக் கலை வந்தது 1820-களில். முதலில் கல்கத்தா, பிறகு பம்பாய், சென்னை. அரசாங்கத்துக்கு வரைபடமும் சுற்றறிக்கையும் மலிவாக அடிக்க இது வசதியாக இருந்தது. ஆனால் இதை மனதார அணைத்துக்கொண்டவர்கள் வேறு. உருதுவும் பாரசீகமும் எழுதும் நஸ்தாலிக் எழுத்து வலமிருந்து இடமாகச் சரிந்து சரிந்து இறங்குவது. அதை ஈய எழுத்துகளாக வெட்டிக் கோப்பதற்குள் அழகு போய்விடும். கல்லச்சிலோ கையெழுத்துக்காரர் தம் வழக்கப்படி தனி மையால் தாளில் எழுதினால் போதும், அந்தத் தாளைக் கல்லில் அழுத்தி எழுத்தை அப்படியே மாற்றிவிடலாம். இடம் வலம் மாற்றி எழுதும் வேலையும் மிச்சம். 1858-இல் தொடங்கிய லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் இந்தத் தோதில்தான் மாபெரும் பதிப்பகமாக வளர்ந்தது. மராத்தியர்களும் ஓலைச்சுவடி போல் நீளவாக்கில் இருக்கும், ‘போதி’ எனப்படும் தங்கள் நூல்களைக் கையெழுத்துச் சாயல் மாறாமல் கல்லில் அடித்தார்கள். மையில் மிருகக் கொழுப்பு இருக்குமே, அதில் அடித்த புராணத்தை எப்படித் தொடுவது என்ற ஆசாரக் கவலைக்கு, பம்பாயின் கணபத் கிருஷ்ணாஜி நெய் கலந்து மை செய்து தீர்வு கண்டார் என்று சொல்வார்கள். வேதியியல்படியும் அவர் செய்தது சரிதான். கல்லுக்கு வேண்டியது கொழுப்பு. அது எந்த வழியில் வந்தது என்று கல் கேட்பதில்லை.

1878-இல் புனேயில் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் தம் நண்பர்களோடு சித்திரசாலா அச்சகத்தைத் தொடங்கினார். ராமர் பட்டாபிஷேகமும் பேஷ்வா காலத்துத் தலைவர்களும் வண்ணத்தில் வீடு தேடி வந்தார்கள். ரவி வர்மாவுக்கு வழிகாட்டியவரோ நம் கும்பகோணத்துக்காரர். திருவிதாங்கூரிலும் பிறகு பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ், ‘உங்கள் படங்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி, ஒரு மனிதரின் கைக்கு அத்தனையையும் வரைய முடியாது, சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டு வாங்குங்கள்’ என்ற பொருளில் 1880-களில் யோசனை சொன்னார். ரவி வர்மா ஒரு படி மேலே போய், 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகமே வைத்துவிட்டார். இயந்திரமும் ஜெர்மனி, அதை ஓட்டத் தெரிந்தவர்களும் ஜெர்மனி. நிர்வாகத்தைத் தம்பி ராஜராஜ வர்மா பார்த்துக்கொண்டார். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு.

ஓவியர் பெயர் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வியப்பெல்லாம், பெயர் தெரியாத இன்னொரு கையைப் பற்றித்தான். ஓர் எண்ணெய் ஓவியத்தில் நிறங்கள் குழைந்து கிடக்கும். கல்லிலோ ஒரு கல்லுக்கு ஒரு நிறம்தான். லட்சுமியின் கன்னத்தைப் பார்த்து, இதில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, தாடையின் நிழலில் நீலம் எவ்வளவு என்று ஒருவர் கண்ணாலேயே பிரிக்க வேண்டும். இன்று ஸ்கேனரும் கணினியும் நொடியில் செய்யும் நிறப் பிரிப்பை அன்று ஒரு மனிதரின் மூளை செய்தது. முதலில் படத்தின் எல்லைக்கோடுகளை ஒரு கல்லில் எடுப்பார். அதைச் செம்பொடி தூவிய தாள்கள் வழியே மற்ற எல்லாக் கற்களுக்கும் மங்கலாக மாற்றுவார். பிறகு ஒவ்வொரு கல்லிலும் அந்தந்த நிறம் விழ வேண்டிய இடத்தில் பேனாவால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெருங்கிய புள்ளி அடர்த்தி, விலகிய புள்ளி வெளுப்பு. எல்லாமே கறுப்பு மையில்! இந்தக் கல் ரோஜா நிறமாகப் போகிறது, அந்தக் கல் வெளிர்நீலமாகப் போகிறது என்பது அவர் மனதுக்குள் மட்டும். எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியும் இருக்க வேண்டும். ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கல் ஆவது இந்தத் தொழிலில் சகஜம்.

பழைய ரவி வர்மா பிரஸ் படம் எங்காவது கிடைத்தால் (செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் தொங்குகின்றன), ஒரு பூதக்கண்ணாடியை அதன் கன்னத்தருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இன்றைய காலண்டரில் புள்ளிகள் அளந்து நட்ட நாற்று மாதிரி வரிசையாக இருக்கும். இதில் அப்படி இல்லை. ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று வால் முளைத்தது, சில இடங்களில் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கின் வளைவுக்குப் போகப் போகப் புள்ளிகளும் வளைந்து போகும். அடியில் பரவலாக ஒரு மஞ்சள், மேலே ரோஜாப் புள்ளி, நிழலில் சாம்பல்நீலம். கண்ணாடியை விலக்கினால் சதை.

பன்னிரண்டு நிறம் என்றால் ஒரே தாள் பன்னிரண்டு முறை இயந்திரத்துக்குள் போக வேண்டும். ஆயிரம் படத்துக்குப் பன்னிரண்டாயிரம் அழுத்தல். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழ வேண்டும், இல்லையென்றால் உதட்டுச் சிவப்பு மோவாயில் ஏறிவிடும். அச்சுக்காரர்கள் இதை ‘ரிஜிஸ்டர்’ என்பார்கள். அதற்காகத் தாளின் ஓரத்தில் சிறு சிலுவைக் குறிகள் இருக்கும். இதில் ஒரு வில்லன் உண்டு, ஈரக்காற்று. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரியும். 70 சென்டிமீட்டர் தாள் ஆயிரத்தில் மூன்று பங்கு விரிந்தாலே 2 மில்லிமீட்டர் போச்சு. நாட்டிலேயே மழை கொட்டும் இடங்களில் ஒன்றான லோணாவளாவை ஒட்டி இப்படியொரு அச்சகம்! ஆடி மாதங்களில் அங்கே வேலை செய்தவர்கள் வருணனை எப்படி வாழ்த்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்றைய கணினிச் சில்லுகளையும் லித்தோகிராபி என்ற பெயரிலேயே, ஒளியால், அடுக்கின்மேல் அடுக்காகத்தான் அச்சிடுகிறார்கள். அங்கேயும் தலைவலி இதே ரிஜிஸ்டர்தான். பிசகலாம் என்று அனுமதிக்கப்படும் அளவு மட்டும் சில நானோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது.

அச்சான படத்துக்கு வார்னிஷ் பூசி, சில சமயம் கான்வாஸ் துணியின் இழை தெரியும்படி அழுத்தினால் எண்ணெய் ஓவியம் மாதிரியே தோன்றும். ‘ஓலியோகிராப்’ என்று விற்றது இதைத்தான். வாங்கிய பெண்கள் அதோடு விடவில்லை. சேலையின் மேல் ஜரிகையும் சமிக்கியும் துணித் துண்டும் ஒட்டி, அச்சான தெய்வத்துக்கு நிஜமாகவே பட்டுடுத்தினார்கள்.

மும்பையில் 1896-இல் பிளேக் புகுந்தது, ஆட்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அச்சகம் மலையேறி மளவலிக்கு வந்தது அதன் பிறகு. படம் ஓடியது, பணம் ஓடவில்லை. கடன் ஏறி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரவி வர்மா அச்சகத்தைத் தம் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார். பிறகு தீப்பெட்டி லேபிளும் விளம்பரமும்கூட அங்கே அச்சாயின. அந்த அச்சகத்துக்காகப் புகைப்படத்தைக் கல்லுக்கு மாற்றும் வேலையில் ஒருவர் இருந்தார். பொட்டாசியம் டைக்ரோமேட் கலந்த ஜெலட்டின், வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் இறுகி மை பிடிக்கும் என்பது அந்த வேலையின் சூட்சுமம். ஒளியைக் கொண்டு தெய்வ உருவம் செய்யப் பழகிய அந்த தாதாசாகேப் பால்கே 1913-இல் ‘ராஜா ஹரிஷ்சந்திரா’ எடுத்தார். மளவலி அச்சகம் 1972-இல் தீப்பிடித்து அழிந்தது.

ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே கல்லின் காலம் முடிந்திருந்தது. முடித்து வைத்ததும் ஒரு தவறுதான். 1904 வாக்கில் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவரின் இயந்திரத்தில் தாள் ஊட்டுகிறவர் ஒரு தாளைத் தவறவிட்டார். மை நேராக ரப்பர் உருளையில் விழுந்தது. அடுத்து வந்த தாளின் பின்பக்கம் அந்த ரப்பரிலிருந்து படம் ஏறியது. பார்த்தால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் துல்லியம்! காரணம் எளிது. தாளுக்கும் மேடுபள்ளம் உண்டு. கெட்டியான கல் அதில் மேட்டை மட்டும் தொடும், ரப்பரோ வளைந்து கொடுத்துப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். கல்லின் இடத்தில் உருளையில் சுற்றும்படி மெல்லிய உலோகத் தகடு வந்தது. தகட்டிலிருந்து ரப்பர், ரப்பரிலிருந்து தாள் என்று படம் இரண்டு முறை புரள்வதால், இடம் வலம் மாற்றி வரையும் தொல்லையும் ஒழிந்தது. இதுதான் ஆஃப்செட். நீங்கள் படிக்கும் நாளிதழும் பாடப்புத்தகமும் பெரும்பாலும் இதில்தான் அச்சாகின்றன.

நம் ஊரில் இதன் தலைநகரம் சிவகாசி. கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டர்களாகப் புறப்பட்டது அங்கிருந்துதான். மளவலிக்கு நேர்மாறான ஊர். மழை குறைவு, காற்று உலர்ந்தது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஒத்துவந்த அதே வறட்சி, தாள் விரியாமல் ரிஜிஸ்டரையும் காத்தது. அங்கே ஆஃப்செட் இயந்திரத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் சொல்வது ‘தண்ணி–மை பேலன்ஸ்’ பற்றித்தான். தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும், குறைந்தால் வெற்றிடத்திலும் மை ஏறி அழுக்காகும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும்போது தகட்டின்மேல் ஒரு கரைசலைத் தடவிவிட்டுப் போவார்கள், ‘கம் போடுறது’ என்பார்கள். ஈரம் விரும்பும் பகுதி காய்ந்து கெடாமல் அது காக்கும். தகடு இன்று அலுமினியம், படத்தை அதில் எழுதுவது லேசர். அந்தக் கரைசலில் இருப்பது பெரும்பாலும் செனெஃபெல்டர் தடவிய அதே வேல மரத்துப் பிசின்.